பிஎஸ்-6 டீசல் எஸ்யூவி: இன்ஜின் ஆயில் குறையாம ஏறிக்கிட்டே போகுது, ஏன்?

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். ஏழு மாசத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் எஸ்யூவி வாங்கினோம். 2020 டிசம்பர் ரிஜிஸ்ட்ரேஷன், 2 லிட்டர் இன்ஜின், மேனுவல் கியர். கம்பெனி பேரை வேணும்னேதான் சொல்லல, சொன்னா கேள்விய விட்டுட்டு கம்பெனிச் சண்டையில இறங்கிடுவீங்க. முதல் ஓனர் கோயம்புத்தூர்ல மருந்து கம்பெனி வேலை, எப்பவும் ஹைவேஸ்லயே ஓடின வண்டி. 61,200 கிலோமீட்டர்ல வாங்கினோம், இப்ப 63,900.

வாங்கின வாரமே தெருமுனை வொர்க்‌ஷாப்ல ஆயில் மாத்தினேன். ஆயில் அளக்கிற கம்பியில, அதான் டிப்ஸ்டிக்ல, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நின்னுச்சு. போன வாரம் சும்மா எடுத்துப் பார்த்தா, மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரக்கடை மேல நிக்குது. ஒரு சொட்டு கூட நாங்க ஊத்தல. வொர்க்‌ஷாப் அண்ணன்கிட்ட கேட்டா, "ஆயில் குறைஞ்சாதான் மேடம் பிரச்சனை, ஏறினா லாபந்தான"ன்னு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரல.

இன்னும் சில அறிகுறி. ஆரம்பத்துல 13 காட்டின மைலேஜ் இப்ப 9.8. சில நாள் வீட்டு வாசல்ல ஆஃப் பண்ணினதுக்கு அப்புறமும் ஃபேன் ரெண்டு மூணு நிமிஷம் சுத்துது, ஏதோ இரும்பு காய்ஞ்ச மாதிரி வாடை. மீட்டர்ல ஒரு மஞ்சள் லைட், சின்னப் பெட்டிக்குள்ள புள்ளி புள்ளியா, ரெண்டு தடவை வந்துச்சு. அடுத்த நாளே தானா போயிடுச்சு.

ஓட்டுறது நான்தான். நரிமேட்டுல இருந்து கோரிப்பாளையம் சிக்னல் தாண்டி சிம்மக்கல் பக்கம் பிள்ளைங்க ஸ்கூல், 3 கிலோமீட்டர். காலையில சிக்னல்லயே பாதி நேரம் போயிடும். வீட்டுக்காரர் தூத்துக்குடியில வேலை, சனிக்கிழமை பஸ்ஸுல வருவார். வண்டி ஊரைத் தாண்டினது இந்த ஏழு மாசத்துல ரெண்டே தடவை. என்ன பண்ணலாம்?

திண்டுக்கல் பூட்டு

முதல்லயே கூட ஊத்தியிருப்பாங்க மேடம். ஆயில் மாத்தினதும் இன்ஜின் ஓடாம அளந்தா ஃபில்டருக்குள்ள ஆயில் போயிருக்காது, அளவு மாறும். கூட இருக்கிறதை உறிஞ்சி எடுத்துட்டா சரியாயிடும்.

வைகைக்கரை

இல்லைங்க. மாத்தின அன்னைக்கு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, சமதரையில நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டுத்தான் பார்த்தேன். போட்டோ கூட எடுத்து வச்சிருக்கேன். அப்ப நடுவுலதான் இருந்துச்சு.

கொங்குச்சாலை

ஆயில்ல தண்ணி இறங்குதான்னு பாருங்க. ஹெட் கேஸ்கட் (இன்ஜின் மேல்பாகத்தை அடைக்கிற தகடு) போயிருந்தா கூலன்ட், அதான் இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி, ஆயில்ல கலந்து அளவு ஏறும். ஆயில் மூடியைத் திறந்தா பால் டீ கலர்ல நுரை நுரையா ஒட்டியிருக்கும். கூலன்ட் டப்பாவுல அளவு குறைஞ்சிருக்கா?

வைகைக்கரை

பார்த்தேன். கூலன்ட் அப்படியேதான் இருக்கு. மூடிக்கு அடியில நுரை எதுவும் இல்ல, கருப்பாத்தான் இருக்கு. ஆனா ஆயில் தண்ணியா இருக்கு. டிப்ஸ்டிக்ல இருந்து விரல்ல எடுத்துத் தேய்ச்சா வழவழப்பே இல்ல, மண்ணெண்ணெய் மாதிரி ஓடுது. மோந்து பார்த்தா டீசல் வாடை.

பழைய ஸ்பேனர்

தாயி, உன் கேள்வியிலயே பதில் இருக்கு: 3 கிலோமீட்டர் ஸ்கூல். முப்பது வருஷமா டீசல் வண்டிதான் பார்க்குறேன், இந்தக் கேஸ் இப்ப மாசத்துக்கு ரெண்டு மூணு வருது.

முதல்ல ஒரு சோதனை செய். டிப்ஸ்டிக் நுனியில இருந்து ஒரு சொட்டு ஆயிலை எடுத்து வடிகட்டித் தாள்லயோ, மை உறிஞ்சுற காகிதத்துலயோ வை. நாலஞ்சு மணி நேரம் அசைக்காம விடு. நடுவுல கருப்பு வட்டம் நிக்கும். அதைச் சுத்தி எண்ணெய் பட்ட மாதிரி வெளிச்சம் ஊடுருவுற வளையம் அகலமா விரிஞ்சா, அது டீசல்.

டீசல் எப்படி ஆயில்ல போகுது? 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பிஎஸ்-6, அதாவது புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செஞ்ச, டீசல் கார்கள்ல சைலன்சர் லைன்ல டிபிஎஃப் இருக்கும். பீங்கான் தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி. ஒரு கண்ணுக்கு வாசல் திறந்திருந்தா பின்பக்கம் அடைச்சிருக்கும், பக்கத்துக் கண்ணுக்கு நேர்மாறா. புகை சுவர் வழியா ஊடுருவித்தான் வெளிய போகணும், கரி உள்ளயே நின்னுடும். அது நிறைஞ்சா வண்டியே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். அதுக்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேணும். ஹைவேஸ்ல புகை ஏற்கனவே நல்லாச் சூடா இருக்கும், சின்ன உதவி போதும். கோரிப்பாளையம் சிக்னல்ல அந்தச் சூடு எங்க வரும்? அதனால கம்ப்யூட்டர் வேற வழி பண்ணும். பிஸ்டன் வேலை முடிஞ்சு கீழ இறங்குறப்ப இன்னொரு தடவை டீசல் தெளிக்கும், அது புகையோட போய் எரிஞ்சு சூட்டைக் கூட்டும். அப்படித் தெளிச்சதுல கொஞ்சம் சிலிண்டர் சுவத்துல பட்டு, ரிங் வழியா வழிஞ்சு கீழ ஆயில் தொட்டிக்கு வரும்.

முழுசா எரிய இருபது நிமிஷம் ஓடணும். நீ எட்டாவது நிமிஷத்துல ஸ்கூல் வாசல்ல ஆஃப் பண்ணிடுற. கரி எரியல, டீசல் மட்டும் இறங்கிடுச்சு. நாளைக்குத் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஆஃப் பண்ணினப்புறம் ஃபேன் சுத்துறது, இரும்பு வாடை, மைலேஜ் விழுறது எல்லாம் இதோட சாட்சிதான். அந்த மஞ்சள் லைட்டும் இதுக்குத்தான்.

ஒண்ணு கேக்குறேன், என்ன ஆயில் ஊத்தினாங்க?

வைகைக்கரை

ஐயா, ரொம்ப நன்றி. பில் தேடி எடுத்தேன். 15டபிள்யூ-40 (ஆயிலோட கெட்டி அளவு), டிரம்ல இருந்து, "டீசல் ஆயில்"னு மட்டும் போட்டிருக்கு.

சொட்டு வச்சுப் பார்த்தேன். பையனோட டிராயிங் நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு, டிபன் பாக்ஸ் மேல விரிச்சு வச்சேன். ராத்திரி பார்த்தா நடுவுல அஞ்சு ரூபாய் காசு அளவு கருப்பு, அதைச் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் வளையம். ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா அந்த வளையம் தோசைக்கு எண்ணெய் விட்ட காகிதம் மாதிரி மினுங்குது.

பழைய ஸ்பேனர்

அதேதான். அந்த ஆயில் இந்த வண்டிக்கு ஆகாது. விறகடுப்பு ஊதினவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல: கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயில்ல கலக்குற சில மருந்து எரிஞ்சா சாம்பலாகி டிபிஎஃப்-ல நிரந்தரமா தங்கிடும், எத்தனை தடவை எரிச்சாலும் போகாது. அதனால சாம்பல் கம்மியா விடுற ஆயில்தான் ஊத்தணும். டப்பாவுல ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கத்தோட தரக் குறி) சி2, சி3ன்னு போட்டிருக்கும். எதுன்னு வண்டிப் புத்தகத்துல இருக்கு, அதை மட்டும் கேளு, கடைக்காரரைக் கேக்காத.

வேலையை இந்த வரிசையில செய், மாத்திடாத. முதல்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்து. அதுக்கு அப்புறந்தான் ஹைவேஸ். டீசல் கலந்து மேல் கோட்டைத் தாண்டி நிக்கிற ஆயிலோட வேகமா ஓட்டினா ரெண்டு ஆபத்து. பேரிங்குக்கும் டர்போவுக்கும் வழவழப்பு போதாது. இன்னொண்ணு, கூடுதல் ஆயில் மூச்சுக்குழாய் வழியா காத்து போற பாதைக்கு வந்துட்டா, இன்ஜின் தன்னோட ஆயிலையே குடிச்சு ஓட ஆரம்பிக்கும். அப்ப சாவியை எடுத்தாலும் நிக்காது. ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், தாயி. அதுவே போதும்.

ரேஸ்மச்சி

எதுக்கு இவ்வளவு அக்கப்போர்? டிபிஎஃப்-ஐ உள்ள காலி பண்ணிட்டு வண்டிக் கம்ப்யூட்டர்ல மேப், அதான் டீசல் தெளிக்கிற கணக்கு, மாத்திட்டா லைஃப்ல பிரச்சனை இல்ல. மைலேஜும் ஏறும். ஒரு நாள் வேலை. எங்க செட்டுல நாலு வண்டி பண்ணியாச்சு.

கொங்குச்சாலை

மச்சி, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி வண்டியை அப்படி மாத்தவே கூடாது. 182ஏ-ல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்கூட இருக்கு. நாளைக்கு ஆக்சிடென்ட் ஆகி இன்சூரன்ஸ் கிளெய்ம் போனா, சர்வேயர் கையில நாமளே காரணத்தைக் கொடுத்த மாதிரி. அவங்க பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஸ்கூல் வாசல்ல நிக்கிற வண்டி அது. அந்தக் கரி யார் மூக்குக்குப் போகும்?

ரேஸ்மச்சி

சரி சரி, கேட்டாங்கன்னு சொன்னேன்.

திண்டுக்கல் பூட்டு

யாரும் கேக்கல பங்காளி 😄

மேடம், நான் முதல்ல சொன்னதை விட்டுடுங்க. எனக்கும் ஒரு சந்தேகம் ஸ்பேனர் ஐயா. டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒழுகினாலும் ஆயில்ல டீசல் வருமே, எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

பழைய ஸ்பேனர்

நல்ல கேள்வி தம்பி. இன்ஜெக்டர் ஒழுகினா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை, ஐடில்ல உதறல் இருக்கும். தாயி அதைப் பத்தி எதுவும் சொல்லல. ஆயில் மாத்தி, ஒழுங்கா ஹைவேஸ் ஓட்டியும் ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள திரும்ப ஏறினா, அப்ப இன்ஜெக்டரைக் கழட்டிப் பார்க்கணும். அதுக்கும் முன்னாடி டிபிஎஃப் அழுத்தம் பார்க்கிற சென்சாருக்குப் போற ரெண்டு சின்ன ரப்பர் குழாயைப் பாரு. அதுல ஒண்ணு வெடிச்சிருந்தா கம்ப்யூட்டர் ஏமாந்து போயி, நேரம் தப்பிக் கரியை எரிக்கும். நூறு ரூபாய்க் குழாய்க்காக ஒருத்தர் டிபிஎஃப்-ஐயே மாத்தப் போனார், நல்லவேளை வழியில என்கிட்ட வந்தார்.

ஓட்டுறது எப்படின்னா, இன்ஜின் சூடானதும் 70, 80 வேகம். டாப் கியர்ல போடாம ஒரு கியர் கீழ வச்சு 2,000-ல இருந்து 2,500 ஆர்பிஎம். இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் நிறுத்தாம. டாங்க்ல கால்வாசிக்கு மேல டீசல் இருக்கட்டும், கம்மியா இருந்தா சில வண்டி எரிக்கவே ஆரம்பிக்காது. மஞ்சள் லைட் வந்தா ஆஃப் பண்ணாம ஓட்டு. சிவப்பு வந்தாலோ, வண்டி இழுக்காமப் போனாலோ ஓட்டாத, வொர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டு எரிக்கச் சொல்லு. சில வண்டியில ஆயில் மாத்தினதையும் ஸ்கேனர்ல பதியணும், அதையும் கேட்டுக்கோ.

முக்கியமா ஒண்ணு. நம்ம பக்கம் ரோட்டுல உளுந்து, கொள்ளுச் செடி எல்லாம் காயப் போடுவாங்க, வண்டி ஏறி அடிபடட்டும்னு. அது மேல ஏத்தாத, அது பக்கத்துல நிறுத்தவும் நிறுத்தாத. எரிச்சுக்கிட்டிருக்கிற டிபிஎஃப் அடுப்பு மாதிரி. காய்ஞ்ச கொடி அடியில சுத்திக்கிச்சுன்னா நேரா தீதான்.

வைகைக்கரை (பன்னிரண்டு நாள் கழிச்சு)

அப்டேட். வேற வொர்க்‌ஷாப்ல ஆயில் மாத்தினேன், சி3, 5டபிள்யூ-30. ஃபில்டரோட சேர்த்து 5,640 ரூபாய். வடிச்ச பழைய ஆயிலை அளந்து பார்க்கச் சொன்னேன். ஊத்தினது 6 லிட்டர், வந்தது ஏழுக்குக் கொஞ்சம் கம்மி. அந்தப் பையன் கேனை ரெண்டு தடவை குலுக்கிப் பார்த்தான். சென்சார் குழாய் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஸ்கேனர்ல கரி 84 சதவீதம்னு காட்டுச்சு. அங்கேயே நிறுத்தி எரிச்சிடலாமான்னு மெக்கானிக் கேட்டார். சனிக்கிழமை ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்காரரைத் தூத்துக்குடி பஸ்ஸுல அருப்புக்கோட்டை வரைக்கும் வரச் சொல்லிட்டு நான் கிளம்பினேன். மண்டேலா நகர் தாண்டினதும் நாலாவது கியர்லயே வச்சேன். எலியார்பத்தி டோல்கேட் போய்ச் சேரலை, மைலேஜ் முள்ளு சடார்னு விழுந்துச்சு. சத்தம் லேசா கனமாச்சு. ஆரம்பிச்சிடுச்சுன்னு தெரிஞ்சது. டோல்கேட்ல வரிசையில நிக்கும்போது எனக்குத்தான் வேர்த்துச்சு, நின்னுடுமோன்னு. நிக்கல. காரியாபட்டி தாண்டி ஒரு அஞ்சு நிமிஷத்துல முள்ளு தானா மேல ஏறி நின்னுடுச்சு. ஐயா சொன்ன மாதிரி, சர்வீஸ் ரோட்டுல ஒரு இடத்துல உளுந்துச் செடி பரப்பியிருந்தாங்க. நாலுவழிச் சாலையிலேயே போயிட்டேன்.

வீட்டுக்காரர் ஏறினதும் முதல் கேள்வி, "பஸ்ஸுக்கு ஆகுற காசை விட டோலும் டீசலும் ஜாஸ்தியாகாதா?" ஆகும்தான். திங்கக்கிழமை ஸ்கேனர்ல பார்த்தா கரி 11 சதவீதம்.

பழைய ஸ்பேனர்

சந்தோஷம் தாயி. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அப்படி ஓட்டினாப் போதும், வாராவாரம் வேணாம். ஆனா ஆயிலைப் புத்தகத்துல போட்ட கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காம, பாதியிலயே மாத்திடு. உன் ஓட்டம் அப்படி.

கொங்குச்சாலை

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் அஞ்சு கிலோமீட்டருக்குள்ள ஓட்டம்னா, மைலேஜை நம்பி பழைய பிஎஸ்-6 டீசல் வாங்காதீங்க. பெட்ரோல் பாருங்க. முதல் ஓனர் ஹைவேஸ்ல ஓட்டினது வண்டிக்கு நல்லதுதான், ஆனா அந்த ஓட்டத்தை நீங்க தொடரணுமே.

வைகைக்கரை

உண்மைதாங்க. வாங்கும்போது டயர், பெயின்ட், சீட் கவர், ஆர்.சி. பெயர் மாற்றம் எல்லாம் பார்த்தோம். எங்க ஓட்டத்தை மட்டும் பார்க்கல. இப்ப விக்கிற எண்ணம் இல்ல. பிள்ளைங்களுக்கு அருப்புக்கோட்டை டிரிப் பிடிச்சுப் போச்சு, வழியில கொய்யாப்பழம் வாங்கலாம்னு.

இன்னைக்குக் காலையில டிப்ஸ்டிக் எடுத்தேன். மேல் கோட்டுக்கு ஒரு நகம் கீழ, அன்னைக்கு ஊத்தின அதே இடத்துலதான் நிக்குது. இந்தத் தடவையும் போட்டோ எடுத்து வச்சிட்டேன். அடுத்த மாசமும் பார்த்துட்டு இங்க எழுதறேன்.