லிப் உரசாமல் காப்பாற்றிய கதை: இறக்கின வண்டி வைத்திருப்பவர்களின் அனுபவங்கள் (பேசுபவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்)

கொழிஞ்சாம்பாறை:

என்னுடையது 2014 போலோ கார். ஸ்பிரிங் மாற்றி உடலைத் தரைப் பக்கம் 35 மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறேன். முன் பம்பருக்குக் கீழே உதடு மாதிரி மாட்டும் ஃபைபர் லிப்பும் போட்ட பிறகு டேப் வைத்து அளந்தேன், தரையிலிருந்து 11 சென்டிமீட்டர். வேலை பொள்ளாச்சியில் என்பதால் தினமும் கோபாலபுரம் வழியாகத்தான் போய் வருகிறேன்.

போன ஜூலையில் நல்ல மழை. வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடை, தண்ணீர் மூடியிருந்ததால் பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே ஏறிவிட்டேன். காய்ந்த மட்டையை முறித்தது போல ஒரு சத்தம். இறங்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், வலது ஓரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து, கண்ணாடி இழை நார் நாராகத் தொங்குகிறது. ஆசைப்பட்டு அடித்த பெயிண்ட், சில்லு சில்லாக ஈரத் தாரில் ஒட்டிக் கிடந்தது. வீடு வந்து சேரும் வரை மனசே சரியில்லை.

டிங்கர் கடை அண்ணன் உடைந்த இடத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஏறினாயா தம்பி?" அவர் சொன்ன பிறகு நண்பனைப் பக்கவாட்டில் நிறுத்தி வீடியோ எடுக்கச் சொன்னேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மூக்கு இரண்டு விரல் அளவு தாழ்கிறது. இருப்பதே 11 சென்டிமீட்டர், அதில் இரண்டு விரல் போனால் என்ன மிஞ்சும்? இப்போது தடைக்கு ஒரு வண்டி நீளம் முன்னாடியே வேகத்தைக் கொன்றுவிடுகிறேன். ஏறும் நேரத்தில் கால் பிரேக்கில் இருக்காது, முதல் கியரில் தானாக உருண்டு ஏறும். லிப்பை உடைப்பது பெரும்பாலும் கடைசி நொடி பிரேக்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

விதிப்படி கட்டிய தடை நம்மை ஒன்றும் செய்யாது. சாலை அமைப்புக்கு அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. என் வண்டியில் சக்கரத்திலிருந்து லிப் முனை சுமார் 80 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சக்கரம் அந்தத் தடையின் விளிம்பைத் தொடும்போது லிப்புக்குக் கீழே தார் 7 சென்டிமீட்டர் போலத்தான் உயர்ந்திருக்கும். தாராளமாகப் போகலாம். ஆனால் ஊருக்குள் ஒரு முழ அகலத்தில் குத்துக்கல் மாதிரி எழுப்பி வைத்திருக்கிறார்களே, அதில்தான் மாட்டிக்கொள்கிறோம். அங்கே சாய்வாக, ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றினால் அந்த மூலை உயர்ந்துவிடும். எதிரில் பஸ் வந்தால் அந்த வேலை வேண்டாம், ஓரம் கட்டி விட்டுவிடுங்கள்.

வேலந்தாவளம்:

அண்ணா, ஃபைபருக்கே திரும்பப் போகாதீங்க. இடித்தால் வளையாது, உடையும். நான் பாலியூரித்தேன் லிப் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. மடங்கி மறுபடி நேராகிவிடும், கீழே கீறல் மட்டும்தான். இன்னொன்று, அதை பம்பரோடு முழுக்க ஸ்க்ரூ வைத்து இறுக்காதீங்க. நான் ஓரங்களை மட்டும் கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப் பட்டை) போட்டுக் கட்டியிருக்கிறேன். எதிலாவது பலமாக மாட்டிக்கொண்டால் டை அறுந்து லிப் இறங்கிவிடும், பம்பர் கிழியாது.

அடியில் கன்வேயர் பெல்ட் ரப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்துப் பட்டையாக போல்ட் போட்டு மாட்டியிருக்கிறேன். கல் கிரஷர்களில் கழித்துப் போட்ட பெல்ட் கிடைக்கும், உள்ளே துணி அடுக்கு இருப்பதால் லேசில் கிழியாது. முதல் தடவை போல்ட் தலை வெளியே நீட்டியபடி போட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் தலை தேய்ந்து மொழுக்கென்று ஆகி, ஸ்பானரே பிடிக்கவில்லை, கிரைண்டர் வைத்து அறுத்தோம். தலை ரப்பருக்குள் பதியும்படி குழி எடுத்து மாட்டுங்க.

சித்தூர்:

எனக்கு ரோட்டை விட வீட்டு வாசல்தான் தொல்லை. சாக்கடை மேல் போட்ட ஸ்லாப், அங்கிருந்து குத்தாக இறங்கும் சரிவு. தென்னை மரம் அறுத்தபோது இரண்டு பலகை எடுத்து வைத்தேன், ஒவ்வொன்றும் நாலு அடி. சரிவின் அடியில் போட்டால் ஏற்றம் மெதுவாகிவிடுகிறது. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும், அதனால் மேலே பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்திருக்கிறேன்.

இதையும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, நம் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதைப் படித்த பிறகு நான் கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டேன். மற்றவர்களும் யோசியுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:

சித்தூர் அண்ணா சொன்னது எனக்கும் உறுத்துகிறது, ஸ்பிரிங் விஷயத்தை வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலந்தாவளம் தம்பி சொன்னபடி பாலியூரித்தேன் லிப் வாங்கி ஓரத்துக்கு நாலு டை போட்டேன். போன வாரம் ஒரு டீக்கடை முன்னால் பள்ளத்தில் இறங்கியபோது இரண்டு டை அறுந்தது. குனிந்து பார்த்தேன், லிப்பில் ஒரு விரல் நீளக் கீறல், பம்பரில் ஒன்றுமே இல்லை. டேஷ்போர்டில் இருந்த புது டையை எடுத்து அங்கேயே கட்டிக்கொண்டு கிளம்பினேன்.