ஃபிரேசல் வெர்புக்குத் தமிழில் என்ன பேர்?

டீச்சர், பெஸ்தாரி ஜெயா, மலேசியா:
குழுவில் எல்லாருக்கும் வணக்கம். படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளி முதலாண்டு) பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விளக்கமெல்லாம் தமிழில். 'ஃபிரேசல் வெர்ப்', அதாவது வினையோடு ஆஃப், அவுட் போன்ற சிறுசொல் சேர்ந்து வேறு பொருள் தருவது, அந்தப் பாடத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. 'புட் ஆஃப் தி மீட்டிங்' என்பதற்கு ஒரு பையன் "கூட்டத்தை அணைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறான். 'புட் அவுட்'டோடு குழப்பிக்கொண்டான். தள்ளிவைப்பதும் தீயணைப்பதும் அவனுக்கு ஒன்றாகிவிட்டது. 'லுக் ஆஃப்டர்', 'லுக் ஃபார்' கதையும் அப்படித்தான்: தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் தேடக் கிளம்புகிறார்கள். 'சொற்றொடர்வினை' என்று போடட்டுமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
வேண்டாம்மா. எந்த வினைதான் சொற்றொடரில் வரவில்லை? 'கூட்டுவினை'யும் ஆகாது, ஆணையிடு, கேள்விகேள் போன்றவற்றுக்கு அது முன்பே வாக்கப்பட்டுவிட்டது. இடைச்சொல் தனக்கென இயல்பில்லாமல் பெயரோடும் வினையோடும் நடக்கும் என்கிறது தொல்காப்பியம். இந்த ஆஃப், அப், அவுட்டெல்லாம் அந்தச் சாதிதான். ஆகவே 'இடைச்சொற்புணர்வினை'.

கிள்ளான் கணினிக்காரர்:
ஐயா, அதைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். 'ஒட்டுவினை' போதும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டுக்கன்று தெரியாதா?

டீச்சர்:
இங்கே எங்கு பார்த்தாலும் செம்பனைதான் தம்பி. ஒட்டுக்கன்றெல்லாம் என் அப்பா காலத்து ரப்பரோடு போச்சு. அதோடு, ஒட்டினது பிரியலாமா? 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்' மட்டும் எதற்கும் பிரியாது. பிள்ளைகள் தாங்களே 'வால்வினை' என்று பேர் வைத்துவிட்டார்கள், கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

தலைமையாசிரியர்:
வாலா! கொச்சை. போதாததற்கு வடமொழியில் 'வாலம்' என்று ஒன்று இருக்கிறது. எது எங்கிருந்து போனதென்று பார்க்காமல் கைவைக்கக் கூடாது.

ஈப்போ நண்பர்:
வால் என்றால் தூய்மை ஐயா. இரண்டாம் குறளில் 'வாலறிவன்', சங்கப் பாட்டில் 'வாலெயிறு'. தனித்தமிழ் அன்பர் தூய்மையை மறுக்கலாமா? ஆங்கிலத்திலேயே இந்தப் பேர் 1925-இல்தான் அச்சேறியது. ஆக்ஸ்போர்டு அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி சொல்லித் தந்ததாக எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதினார். அதற்கு முன்பும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தலைமையாசிரியர்:
அந்த வால் வேறு, இந்த வால் வேறு. அச்சில் ஏறிய பேர் ஊன்றிவிடும், அதுதான் என் பயம்.

கணினிக்காரர்:
ஊன்றுமா? டீச்சர் ஊரையே 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். பெரியவர்களிடம் வழி கேட்டுப் பாருங்கள், எந்தப் பேர் வாயில் வருகிறதென்று.

டீச்சர்:
வியாழன் இரவு பதினொன்று. ஒட்டுவினைக்கு மூவர், வால்வினைக்கு இருவர், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போல. 'ஒட்டுவினை' என்றே போடுகிறேன். உள்தலைப்பு: பிரிவன, பிரியாதன.

தலைமையாசிரியர்:
பிரியும் ஒட்டு! நடக்கட்டும். 'லுக் ஃபார்வர்ட் டு' வந்தால் இரண்டு ஒட்டாயிற்றே, அதை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.