ட்ரோம்சோவில் தங்க இடம் கட்டுப்படியாகவில்லை, உதவி தேவை

முகிலன்23:
அவசரம். வட நார்வேயில் இருக்கும் ட்ரோம்சோ போகிறோம், டிக்கெட் போட்டாச்சு. தங்குமிட விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இரவு வானில் தெரியும் துருவ ஒளியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குறைந்த செலவில் எப்படிச் சமாளிப்பது? இன்று இரவுக்குள் அறை போட்டாக வேண்டும்.

வெண்கரடி:
எந்த மாதம்? எத்தனை நாள், எத்தனை பேர்? எங்கிருந்து கிளம்புகிறீர்கள்? விசா இருக்கிறதா? இது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

நார்விக்ரயில்:
ட்ரோம்சோவை விடுங்கள், அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. ஸ்டாக்ஹோமிலிருந்து நார்விக் போகும் இரவு ரயிலில் ஏறி, ஸ்வீடனின் வடக்கே இருக்கும் அபிஸ்கோவில் இறங்குங்கள். மேற்கே இருக்கும் மலைகள் கடல் மேகத்தைத் தடுப்பதால் அங்கே வானம் அடிக்கடி தெளிந்திருக்கும். ரயிலிலேயே தூங்குவதால் ஓர் இரவு வாடகையும் மிச்சம். நான் இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் பார்த்தேன்.

வெண்கரடி:
டிக்கெட் போட்டாச்சு என்கிறாரே.

துருவன்:
டிக்கெட் போட்டுவிட்டுத் தங்குமிடம் தேடுவது தலைகீழ் வேலை. ஏறக்குறைய 77,000 பேர் இருக்கும் ஊர் அது, குளிர்காலம் முழுக்க உலகமே அங்கே வந்து நிற்கிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்? இதே கேள்விக்குப் பல தடவை பதில் எழுதிவிட்டேன், தேடிப் படியுங்கள். அப்புறம், பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்று 0 முதல் 9 வரை காட்டும் கேபி (Kp) குறியீடு 4க்குக் கீழே இருக்கும் இரவில் வெளியே போய்க் குளிரில் நிற்பது வீண்.

செல்வி_வடக்கு:
துருவன், அது ஜெர்மனி, ஸ்கொட்லாந்துக்காரர் போடுகிற கணக்கு. ட்ரோம்சோ வட அட்சரேகை 69 பாகைக்கு மேலே, துருவ ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. கேபி 1, 2 என்றாலும் வானம் திறந்திருந்தால் காணலாம். இங்கே குறுக்கே வருவது மேகம்தான். தம்பி, நீங்கள் மேக முன்னறிவிப்பை மட்டும் பாருங்கோ.

துருவன்:
நான் மூன்று குளிர்காலம் பார்த்திருக்கிறேன். கேபி 2 அன்று தெரிந்தது வெறும் சாம்பல் கீற்று. போனில் எடுத்தால்தான் பச்சை. அதைப் பார்த்ததாகக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

செல்வி_வடக்கு:
நான் ஒரு காலத்தில் நார்வேயின் வடகோடியில் பின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை செய்தேன், பிறகு இங்கே ட்ரோம்சோவுக்கு வந்தேன். வேலை முடிந்து நடந்து வரும்போது பார்த்த ஒளிக்குக் கணக்கே இல்லை. போன மாசியில் பிரெஸ்ட்வான் ஏரிக் கரையில் நின்றோம். முதலில் நீங்கள் சொல்கிற சாம்பல் கீற்றுத்தான், அடுப்புப் புகை மாதிரி. கால் மணித்தியாலம் பொறுத்தோம். திடீரென்று அது திரை உதறினது போல விரிந்தது, உறைந்த ஏரியின் பனி முழுக்கப் பச்சை படிந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகம் கூடத் தெரிந்தது. அன்றைக்கும் கேபி 2தான். சாம்பலைப் பார்த்ததும் திரும்பிப் போகிறவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை.

நார்விக்ரயில்:
அபிஸ்கோவில் மேகக் கவலையே குறைவு என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

வெண்கரடி:
கேள்வி கேட்டவரைக் காணோம். தேதி சொன்னால் போதும் ஐயா.

முகிலன்23:
மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். இரண்டு பேர். ஜெர்மனியில் படிக்கிறோம், வதிவிட அட்டை இருப்பதால் விசா பிரச்சினை இல்லை. க்டான்ஸ்க் வழியாக விமானம். டிசம்பர் 23 முதல் 27 வரை.

வெண்கரடி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! கிறிஸ்துமஸ் நேரம். அதோடு நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 15 வரை அங்கே எழவே எழாது. பகல் 10 மணியிலிருந்து 2 வரை நீல வெளிச்சம் மட்டும்தான். ஊர் சுற்றுவதை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி_வடக்கு:
தம்பி, கவனமாகக் கேளுங்கோ. 24 மதியத்தோடு கடைகள் பூட்டிவிடும், 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. நிறைய உணவகங்களும் பூட்டு. ஆகையால் சமையலறை இல்லாத அறை வேண்டவே வேண்டாம். நகர நடுவில் தேடாமல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ட்ரோம்ஸ்டாலனில் கேபின் பாருங்கோ, இரண்டு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். அரிசியும் பருப்பும் பையில் கொண்டு வாங்கோ. தண்ணீர் காசு கொடுத்து வாங்காதேங்கோ, குழாய்த் தண்ணீர் நல்லது. விமான நிலையத்திலிருந்து ஊர் பஸ்ஸே வரும், விசேஷ பஸ் தேவையில்லை. விடுமுறையில் பஸ் குறைவு, நேர அட்டவணையை முதலே பாருங்கோ.

துருவ ஒளி தேடிக் கூட்டிப் போகும் சுற்றுலா பஸ்ஸுக்கு ஆளுக்கு 1,000 நார்வே குரோனருக்கு மேலே போகும். ட்ரோம்சோ வானம் தெளிவாக இருந்தால் அது வேண்டாம், ஊர் இருக்கும் தீவின் தெற்கு முனையில் டெலிகிராப்புக்தா கடற்கரைக்கு நடந்தே போகலாம், அங்கே விளக்கு வெளிச்சம் குறைவு. மேகம் மூடினால் மட்டும் ஓர் இரவு பஸ் எடுங்கோ. சில நாள் பின்லாந்து எல்லை வரைக்கும் கொண்டு போவார்கள், கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

துருவன்:
மலைக்குப் போகும் கேபிள் கார் ஏறாமல் வராதீர்கள், 421 மீட்டர் மேலே. செலவு மிச்சம் என்று அதே மலையில் நேபாள ஷெர்பாக்கள் கட்டிய படிக்கட்டில் ஏறிவிட வேண்டாம், பனிக்காலத்தில் ஆபத்து. மேகத்தைப் பற்றி அக்கா சொன்னது சரிதான். கேபி பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை.

முகிலன்23:
ட்ரோம்ஸ்டாலனில் கேபின் கிடைத்தது, சமையலறையோடு. நன்றி அக்கா. ஐஸில் வழுக்காமல் இருக்க ஷூவில் மாட்டும் ஆணிப் பட்டை அங்கேயே வாங்கலாமா? 23 இரவு 10 மணிக்குத்தான் இறங்குகிறோம்.

செல்வி_வடக்கு:
அப்படியென்றால் 24 காலைதான் உங்களுக்குக் கடை. பட்டையை ஜெர்மனியிலேயே வாங்கிக்கொண்டு வாங்கோ, காலையில் கடைக்கு நடக்கவே அது வேண்டும்.