"இது கனவுதான்" என்று கனவிலேயே பிடிபட்ட கதைகள்: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் வாங்க

பாலத்தடி (கல்லடி)

லூசிட் ட்ரீமிங் என்று யூடியூப்பில் தேடினால் வீடியோ கொட்டும். கனவு நடந்துகொண்டிருக்கும்போதே அது கனவு என்று தெரிந்துவிடுவது, தெரிந்த பிறகும் எழும்பாமல் உள்ளே நிற்பது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒரு கிழமை முக்கிமுனகி, ஒன்றும் நடக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் என்பது என் ஊகம். வெளிநாட்டுக்காரர் கதைகள் போதுமான அளவு வாசித்தாயிற்று. நம் பக்கத்து ஆட்களுக்கு இது எப்படி வந்தது என்று கேட்கத்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

முதலில் என்னுடையது. இரவு படுக்கும்போது "இன்றைக்குக் கனவில் விழிப்பேன்" என்று சொல்லிச் சொல்லிப் படுத்த காலத்தில் எனக்கு எதுவும் வரவில்லை. வந்ததெல்லாம் விடியப்புறம், ஒருதரம் எழும்பிவிட்டு மறுபடி படுத்த நேரத்தில்தான். காரணம் பிறகுதான் விளங்கியது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் விழி ஓடுகிற ஒரு கட்டம் வரும், ரெம் தூக்கம் என்பார்கள். நன்றாக நினைவில் நிற்கும் கனவுகள் பெரும்பாலும் அங்கேதான். முதல் சுற்றில் அது சில நிமிடங்களே. விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே பத்து மணிக்குப் படுக்கும்போது செய்கிற முயற்சி, சந்தை கூடாத நேரத்தில் கடை விரிப்பது மாதிரி.

இனி கனவு. பழைய கல்லடிப் பாலத்தடியில் பஸ் நிற்கிறது, நான் உள்ளே இருக்கிறேன். ஒரு வழிப் பாலம்தானே, அந்தப் பக்கத்து வாகனங்கள் வந்து முடியட்டும் என்று காத்திருக்கிறோம். சின்ன வயதில் பார்த்துப் பழகிய காட்சி என்பதால் சந்தேகமே இல்லை. யன்னலால் எட்டிப் பார்த்தால் பக்கத்தில் புதுப் பாலத்தைக் காணவில்லை. 2013 இல் திறந்த பாலம் எங்கே போனது? அந்தக் கேள்வி வந்த கணமே தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கத்தினேன். கத்தியதோடு சரி, கட்டிலில் கிடந்தேன்.

புதிதாகப் பழகுகிற பலருக்கும் இதுதான் நடக்கிறது. தெரிந்தவுடன் வரும் பரபரப்பே எழுப்பிவிடும். அதற்கு ஒரு வழி, கனவுக்குள் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்ப்பது, பக்கத்தில் இருப்பதைத் தொட்டுப் பார்ப்பது. அப்படிச் செய்து ஒரு தடவை கொஞ்சம் நேரம் தாக்குப்பிடித்தேன். மட்டக்களப்பு வாவியில் தோணியில் போய், பௌர்ணமி இரவில் கேட்கும் என்கிற பாடும் மீன் சத்தத்தைக் கேட்கலாம் என்று துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்தேன். பழைய ஆட்கள் அப்படித்தான் கேட்பார்களாம். விழித்திருக்கும்போது ஒரு பௌர்ணமிக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டதில்லை. கனவில் தெளிவாகக் கேட்டது. என் போன் அலாரம்.

நான் செய்வது இவ்வளவுதான். எழும்பியவுடன் அசையாமல் கிடந்து, கனவின் கடைசியிலிருந்து பின்னோக்கி நினைத்துக் கொப்பியில் எழுதுவேன். பகலில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் மூக்கைப் பொத்தி மூச்சு இழுத்துப் பார்ப்பேன். கனவென்றால் பொத்தினாலும் மூச்சு வரும். கடைப் பலகையை வாசித்து, முகத்தைத் திருப்பி, மறுபடி வாசிப்பேன்; கனவில் அநேகமாக எழுத்து மாறிவிடும். ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கடமைக்குச் செய்தால் கனவிலும் கடமைக்குத்தான் செய்வீர்கள். "ஒருவேளை இப்போதே கனவில் இருக்கிறேனோ" என்று மெய்யாகவே சந்தேகப்பட வேண்டும்.

நோன்புக்கஞ்சி (சாய்ந்தமருது)

அண்ணன், நீங்கள் சொல்கிற "எழும்பிவிட்டு மறுபடி படு" எங்களுக்கு வருசத்தில் ஒரு மாதம் கட்டாயப் பாடம்!

நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பிச் சாப்பிட்டு, சுபஹு தொழுதுவிட்டுச் சாய்கிறோமே, அந்தத் தூக்கத்தில் எனக்குக் கனவு கொட்டும். மற்ற மாதங்களில் கண்ட கனவு ஒன்றும் நினைவில் நிற்காத ஆள் நான்.

இப்படி ஒரு நோன்பு நாளில்தான் முதல் தடவை பிடிபட்டது. பட்டப்பகல், கடற்கரைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. மச்சான்மாரோடு இருந்து இஞ்சித் தேத்தண்ணி குடிக்கிறேன். பாதிக் கோப்பை உள்ளே போன பிறகு பகீரென்றது. யா அல்லாஹ், நான் நோன்பல்லவா! கோப்பையை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்க்கிறேன், கடை நிறைய ஆட்கள், எல்லார் கையிலும் கோப்பை. நோன்பு நாளில் பகல் நேரத்தில் எங்கள் ஊரில் இப்படி ஒரு கடை திறந்திருக்க வழியே இல்லை. அப்போதுதான் விளங்கியது.

விளங்கியவுடன் எல்லாரும் பறப்பார்களாமே. நான் பறக்கவில்லை. கனவில் குடித்தால் நோன்பு முறியாதுதானே என்று நினைத்துக்கொண்டு மீதித் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தேன். பணிஸும் ஒன்று எடுத்தேன். சீனி கொஞ்சம் குறைவு.

இப்போது மற்ற மாதங்களிலும் லீவு நாட்களில் செய்கிறேன். சுபஹு பாங்குக்கு எழும்பி, தொழுது, கொஞ்சம் ஓதிவிட்டுப் படுப்பேன். படுத்துக்கொண்டே கடைசியாகக் கண்ட கனவை மனதில் ஓட்டி, எந்த இடத்தில் கண்டுபிடித்திருக்கலாமோ அந்த இடத்தில் கண்டுபிடிப்பதாக நினைப்பேன். "அடுத்த கனவில் இது கனவென்று நினைவு வரும்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவேன். ஸ்டீபன் லாபெர்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தனக்கே செய்து பார்த்து எழுதிய முறை இது. எனக்குச் சரி வருகிறது, எப்போதும் அல்ல.

கொப்பி விசயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கெட்ட கனவை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் மார்க்க வழிகாட்டல். இடப் பக்கம் மூன்று தரம் துப்பிவிட்டு, பாதுகாவல் தேடி, மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட வேண்டும். கொப்பி என்றால் யாராவது எடுத்து வாசிக்கலாம் அல்லவா? உம்மாவிடம் கேட்டேன், "நல்லதை மட்டும் எழுது மகன்" என்றா. அப்படியே செய்கிறேன். பழக்கம் வருவதற்கு அதுவே போதும்.

வட்டைக்காரன் (திருக்கோவில்)

மகள் வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

ஆனைக் காவலுக்கு வட்டையில் படுக்கிறவனுக்கு இது புதிசு இல்லை. பரணில் முழுத் தூக்கம் ஏது? நாய் குரைத்தால் எழும்புவோம், பக்கத்து வாடியில் வெடிச் சத்தம் கேட்டால் எழும்புவோம், மறுகா கண் அயரும். அந்த அயர்ச்சியில் வருகிற கனவில் பாதி ஆனைதான்.

ஒரு கனவில் கொம்பன் ஒன்று வயலுக்குள் நிற்கிறது. கதிர் முற்றின வேளாண்மை. பந்தத்தைத் தேடுகிறேன், கத்தப் பார்க்கிறேன், குரல் வரவில்லை. பிறகு பார்த்தால் இந்தத் துண்டுக் காணி நாங்கள் வெட்டி முடித்த காணி. மெஷின் வந்து வெட்டி நெல்லும் ஏற்றியாயிற்று. அப்புறம் என்ன கதிர், என்ன ஆனை? பயம் விட்டுப் போயிற்று. கிட்டப் போய்த் தும்பிக்கையைத் தடவினேன். முள்ளு முள்ளாய் மயிர், சூடும் தெரிந்தது. உண்மை ஆனையிடம் எந்தக் காலத்திலும் செய்ய மாட்டேன், நீங்களும் செய்ய வேண்டாம்.

மூக்கைப் பொத்துகிற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பழக்கமான இடத்தில் எது இருக்கக் கூடாதோ, அது இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பாதவன் (செங்கலடி)

இதெல்லாம் அரைத் தூக்கத்தில் நாமே நினைப்பதுதான். அதைக் கனவு என்று சொல்லிக்கொள்கிறீர்கள். எங்கள் அம்மம்மா அதிகாலைக் கனவு பலிக்கும் என்பார். அதுவும் இதுவும் ஒரே சாதி. நானும் முயன்று பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை.

இரவுப்பணி (மட்டக்களப்பு)

நான் தாதி. நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவள். மற்றவர்கள் இனிப்பாகச் சொல்கிறார்கள், நான் கொஞ்சம் கசப்பையும் சொல்கிறேன்.

இப்படித் தூக்கத்தை உடைத்து உடைத்துத் தூங்கினால் "பேய் அமுக்குவது" கூடலாம். கண் திறந்திருக்கும், அறை தெரியும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போல் இருக்கும். கதவடியில் ஆள் நிற்பதாகவும் தெரியலாம். ரெம் தூக்கத்தில், கனவில் ஓடுகிற ஓட்டத்தை நிஜமாக ஓடிவிடாமல் இருக்க உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். மூச்சுக்கும் கண்ணுக்கும் மட்டும் விலக்கு. அந்தப் பூட்டு திறக்கும் முன் மனம் விழித்துக்கொண்டால் இப்படி ஆகிறது. சில வினாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். தூக்கம் போதாதவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும்.

எனக்கு முதலில் வந்தபோது திருநீறு பூசி, தலையணைக்கடியில் கத்தி வைத்து, எல்லாம் நடந்தது. காரணம் தெரிந்த பிறகும் வந்தது. இந்தத் தடவை மல்லுக்கட்டாமல், மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு, சின்ன விரலை அசைக்க நினைத்துக்கொண்டு கிடந்தேன். அறை அப்படியே கலைந்து, நான் கோட்டை மதிலில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு நினைவோடு! யூனிபோர்மோடு நின்றேன் என்பதுதான் கவலை, கனவிலும் டியூட்டி.

என் புத்திமதி: வேலை நாளிலும் பரீட்சைக் காலத்திலும் இதற்காக அலாரம் வைக்காதீர்கள். ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகளுக்குத் தூக்கமே முக்கியம். எது நிஜம் எது மனம் என்று பிரித்தறிவதில் ஏற்கெனவே சிரமம் இருந்து வைத்தியம் பார்ப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கடல்முகம் (கல்முனைப் பக்கம்)

எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

2004 டிசம்பர் 26 இல் நான் சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து ஒரே கனவு. வீட்டு முற்றம், தூரத்தில் ஒரு இரைச்சல், ஓடுகிறேன், மணலில் கால் புதைகிறது. வளர்ந்த பிறகும் அந்தக் கனவில் என் கால் சின்னப் பிள்ளையின் கால்தான்.

அதுவே எனக்கு அடையாளமாயிற்று. பகலில் அடிக்கடி என் பாதத்தைக் குனிந்து பார்ப்பதைப் பழக்கமாக்கினேன். ஒரு விடியற்காலையில் கனவிலும் குனிந்து பார்த்தேன். சின்னக் கால். இரைச்சல் கேட்கிறது, அலை வரும் என்று தெரியும், அது கனவு என்றும் தெரியும். ஓடாமல் திரும்பி நின்றேன். அலை மறையவில்லை. நான் கையை உயர்த்தி நிறுத்தவும் இல்லை, அந்த மாதிரிக் கதைகளை நம்பாதீர்கள். வந்தது, மேலால் போனது, மூச்சு முட்டவில்லை. எழும்பி அழுதேன். பிறகும் அந்தக் கனவு வருகிறது. முன்னைப் போல் அடிக்கடி இல்லை.

இரவுப்பணி (மட்டக்களப்பு)

தம்பி, எழுதியதற்கு நன்றி. இதே போல் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கனவுக்குள் விழிக்காமலே செய்யக்கூடிய ஒரு முறை உண்டு. பகலில், விழிப்பாக இருக்கும்போது, அந்தக் கனவின் முடிவை நீங்கள் விரும்புகிறபடி மாற்றி எழுதி, தினமும் சில நிமிடங்கள் மனதில் ஓட்டிப் பார்ப்பது. திரும்பத் திரும்ப வரும் பயங்கரக் கனவுகளுக்கு மனநல சிகிச்சையில் பயன்படுத்தும் முறைதான். ஆனால் நிஜமாக நடந்ததன் நினைவு என்றால் தனியாகச் செய்ய வேண்டாம், மனநலப் பிரிவில் ஒருவரோடு இருந்து செய்யுங்கள். அங்கே போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

பாலத்தடி (கல்லடி)

கடல்முகம் தம்பி, உங்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

செங்கலடிக்காரருக்கு ஒரு பதில். அரைத் தூக்கமா என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. தாதி சொன்னாரே, கண்ணுக்கு மட்டும் பூட்டு இல்லை என்று? அதை வைத்துத்தான் தீர்த்தார்கள். 1975 இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹேர்ன் என்பவர், தூங்குகிறவரோடு முன்கூட்டியே பேசி வைத்தார்: கனவென்று தெரிந்தால் கண்ணை இடமும் வலமுமாக இத்தனை தரம் ஓட்டு. மூளை அலையையும் கண் அசைவையும் பதியும் கருவி ரெம் தூக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சைகை வந்தது. சில வருடங்களில் லாபெர்ஜும் ஸ்டான்போர்டில் அதையே காட்டினார். 2021 இல் இன்னும் ஒரு படி. கனவில் இருப்பவரிடம் வெளியிலிருந்து "எட்டில் ஆறு போனால்?" என்று கேட்க, கண்ணை இரண்டு தரம் ஓட்டிப் பதில் சொன்னார். அரைத் தூக்கம் என்றால் கருவி காட்டிக்கொடுத்திருக்கும்.

அம்மம்மா சொன்னதிலும் விசயம் இருக்கிறது. பலிக்கிறதோ இல்லையோ, நினைவில் நிற்பது அதிகாலைக் கனவுதான்.

உங்களுக்கு வராததில் ஆச்சரியம் இல்லை. 2016 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வாழ்நாளில் ஒருதரமாவது இது வந்தவர்கள் 55 வீதம், மாதம் ஒரு தரமாவது வருபவர்கள் 23 வீதம். அவுஸ்திரேலியாவில் 2017 இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பகற்சோதனை (மூக்கைப் பொத்திப் பார்ப்பது போன்றது), இடையில் எழும்பல், நோன்புக்கஞ்சி சொன்ன நினைவூட்டல் மூன்றையும் சேர்த்து ஒரு கிழமை செய்தவர்களுக்கே வெற்றி 17 வீத இரவுகளில்தான். நினைவூட்டலை முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது 46 வீதத்தைத் தொட்டது. ஆகவே எழும்பிய பிறகு போனை எடுத்து நோண்டாதீர்கள். தூக்கம் முழுதாகக் கலைந்தால் அந்த நாள் போயிற்று.

நம்பாதவன் (செங்கலடி)

போன் விசயம் சரிதான். நான் எழும்பியதும் முதல் வேலையாக அதைத்தான் எடுப்பேன். சரி, இந்த ஞாயிறு பார்க்கிறேன். கோயில் ஸ்பீக்கர் ஐந்து மணிக்குத் தானாக எழுப்பிவிடும், அலாரம் தேவையில்லை.

நோன்புக்கஞ்சி (சாய்ந்தமருது)

இன்ஷா அல்லாஹ் வரும். வந்தால் முதல் வேலையாகக் கையைத் தேய்யுங்கள், கத்த வேண்டாம்.

நம்பாதவன் (செங்கலடி)

வந்தது. சந்தையில் நிற்கிறேன், மீன் விலைப் பலகையில் எழுத்து ஒவ்வொரு தரமும் மாறுகிறது. மூக்கைப் பொத்தினேன், மூச்சு வந்தது! கையைத் தேய்க்கலாம் என்று பார்த்தால் ஒரு கையில் மீன் பை. கனவு மீன்தானே என்று போடாமல், எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன், எழும்பிவிட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி.