ஐசுவரியவானும் லாசருவும்: பணம் வைத்திருந்ததுதான் குற்றமா?

கேள்வி:
சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வேதபாடத்துக்கு லூக்கா 16:19-31 எடுத்திருக்கிறேன். இயேசு சொன்ன கதை: ஐசுவரியவானின் வாசலில் கிடந்த ஏழை லாசரு இறந்து ஆபிரகாமின் மடிக்குப் போகிறான்; ஐசுவரியவான் இறந்து பாதாளத்தில் வேதனைப்படுகிறான். ஆபிரகாம் சொல்லும் காரணம், “நீ பூமியிலே உயிரோடிருந்த காலத்தில் உன் நன்மைகளை அநுபவித்தாய்” என்பது மட்டும்தான். ஐசுவரியவான் திருடினான், ஏமாற்றினான் என்று ஒரு வார்த்தை இல்லை. லாசருவின் விசுவாசத்தைப் பற்றியும் பேச்சே இல்லை. பணக்காரனுக்கு வேதனை, ஏழைக்கு ஆறுதல், அவ்வளவுதானா?

பதில் 1:
பணமே குற்றம் என்றால் ஆபிரகாமின் மடியே இடிக்குமே, சகோதரரே! ஆதியாகமம் 13:2 அவரைச் சீமான் என்கிறது. குற்றம் வாசலில் கிடக்கிறது. 20ஆம் வசனத்தில் தமிழில் “கிடந்து” என்று வருகிற இடத்தில், கிரேக்க வினைச்சொல்லுக்கு ‘போடப்பட்டிருந்தான்’ என்ற பொருள் உண்டு. மத்தேயு 9:2இல் படுக்கையில் கிடந்த திமிர்வாதக்காரனுக்கும் (கைகால் முடங்கியவனுக்கும்) அதே வினைதான். ‘வாசல்’ என்பதும் சாதாரண வீட்டுக் கதவல்ல, பெரிய வீட்டின் முகப்பு வாயில். அந்த வீட்டார் போக வர அவனைக் கடந்துதான் போக வேண்டும்.

யாரென்று தெரியாது என்றும் அவன் சொல்ல முடியாது. 24இல் “லாசரு” என்று பேர் சொல்கிறான். ஆனால் லாசருவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கொண்டுவர அவனை அனுப்பும்படி ஆபிரகாமிடம் கேட்கிறான். அடுத்து, தன் ஐந்து சகோதரரை எச்சரிக்க அவனைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறான். அக்கினியில் வேகும்போதும் லாசரு அவனுக்கு ஏவலாள்தான். இந்த இடத்தை அவசரப்படாமல் இரண்டு முறை சத்தமாக வாசிக்க வையுங்கள்.

லாசருவின் விசுவாசத்துக்கு அவன் பெயரைப் பாருங்கள். எலெயாசர் என்பதன் சுருக்கம் அது. ‘தேவன் உதவினார்’ என்று அர்த்தம். பணக்காரனுக்கோ பெயரே இல்லை.

பதில் 2:
திருடவில்லையே என்ற கேள்விக்கு 4ஆம் நூற்றாண்டிலேயே பதில் உண்டு. பேர்பெற்ற பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம் அந்தியோகியாவில் இந்தப் பகுதியின்மேல் தொடர்ந்து பிரசங்கித்தார். உள்ளதை ஏழையோடு பகிராமல் வைத்துக்கொள்வதே கொள்ளைதான் என்பது அவர் வாதம்.

பாடம் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். யாராவது யோவான் 11இல் இயேசு உயிரோடெழுப்பிய லாசருவோடு குழப்புவார்கள். அவர் பெத்தானியா ஊரார், வேறு ஆள். 23இல் வருவது மரித்தோர் இருக்கும் பாதாளம், கெகென்னா என்கிற நரகம் அல்ல. அந்த இருவருக்கும் நடுவே இருக்கும் பெரும்பிளப்புக்குப் படம் வரைய உட்கார்ந்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

எனக்குத் தாங்க முடியாதது, இதை ஏழைகளிடம் “இங்கே பொறுத்துக்கொள், அங்கே ஆறுதல் உண்டு” என்று போதிப்பதுதான். இயேசு இதை லாசருக்களுக்குச் சொல்லவில்லை. 14ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்: கேட்டுப் பரியாசம் பண்ணியவர்கள் “பொருளாசைக்காரராகிய பரிசேயர்”. கதைக்குள் இன்னும் உயிரோடிருக்கும் ஐந்து சகோதரர்களின் இடத்தில் நிற்பவர்கள் அவர்கள். “மோசேயும் தீர்க்கதரிசிகளும் அவர்களுக்கு உண்டு” என்று ஆபிரகாம் அந்தச் சகோதரர்களைப் பற்றிச் சொல்லும்போது உபாகமம் 15:7-11, ஏசாயா 58:7 இரண்டையும் அங்கேயே திறந்து வாசியுங்கள். தனியாகக் குறிப்பு கொடுத்தால் வீட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. “அப்படியானால் எவ்வளவு கொடுக்கணும்?” என்று நிச்சயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

பதில் 1:
லூக்கா ஒரே அளவு வைக்கவில்லை. 18:22இல் ஐசுவரியமுள்ள ஒரு தலைவனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொல்கிறார் இயேசு. 19:8இல் வரி வசூலிக்கும் சகேயு பாதியைக் கொடுக்கிறான், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய் (நாலு மடங்காய்) திருப்புகிறான். அந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். அது தருமம் அல்ல, பறித்ததைத் திருப்பித் தருவது. அடுத்த வாரப் பாடத்துக்கு 19:1-10 சரியாக இருக்கும்.