புதுப்பிப்பு: நோட்ஸ், வேலை எல்லாத்தையும் ஆர்க் மோடுக்கு மாத்தியாச்சு

நோட்ஸ் ஒரு ஆப்ல, செய்ய வேண்டிய வேலை இன்னொன்னுல, ப்ராஜெக்ட் விவரம் மெயில்லன்னு சிதறிக் கிடக்கு, எல்லாத்தையும் ஈமேக்ஸ் எடிட்டர்ல இருக்குற ஆர்க் மோடுக்குக் (நோட்ஸ், வேலைப் பட்டியலை டெக்ஸ்ட் ஃபைல்ல வெச்சுக்குற வசதி) கொண்டு வரலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல. கொண்டு வந்துட்டேன், நல்லாவே ஓடுது.

பெரிய மாற்றம் என்னன்னா ஷெட்யூல்டு, டெட்லைன் ரெண்டையும் தனித்தனியா போட ஆரம்பிச்சதுதான். ஷெட்யூல்டுன்னா அந்த வேலைய என்னைக்குக் கையில எடுக்கணும், டெட்லைன்னா என்னைக்குள்ள முடிக்கணும், டெட்லைனுக்கு 14 நாள் முன்னாடியே அஜெண்டாங்கிற வேலைப் பட்டியல்ல தலைகாட்ட ஆரம்பிச்சிடும் (டிஃபால்ட் அதுதான், மாத்திக்கலாம்), அதனால கடைசி நேரப் பதட்டம் நிஜமாவே குறைஞ்சிருக்கு. மீட்டிங் மாதிரி விஷயத்துக்கு இது ரெண்டும் வேணாம், வெறும் டைம்ஸ்டாம்ப் (தேதி, நேரம்) போதும்.

நடுவுல தோணுறத கேப்சர்ங்கிற சட்டுனு குறிச்சுக்குற வசதியில இன்பாக்ஸ் ஃபைலுக்குள்ள தட்டிட்டு, அப்புறமா கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் டபிள்யூ அமுக்கி அந்தந்த ப்ராஜெக்டுக்கு ரீஃபைல் பண்ணிடுறேன், அதாவது நகர்த்திடுறேன்.

ஆர்க் மோடு கார்ஸ்டன் டொமினிக் 2003ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், எந்த எடிட்டர்ல தொறந்தாலும் படிக்கலாம், கிட்ல (Git, ஃபைல் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்குற டூல்) போட்டு வெச்சா பழைய வெர்ஷனும் கிடைக்கும். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்.

அடுத்து, முடிஞ்ச வேலைகளை ஆர்க்கைவ் பண்ணணும்.