திருகு சுழன்றது, குறுக்குக்கம்பி நகரவில்லை

இளநிலை இயற்பியலில் முதல் வருடம் முழுக்க நான் சூத்திரங்களை வைத்தே ஓட்டிவிட்டேன். எந்தத் தருவிப்பைக் கேட்டாலும் வரி பிசகாமல் எழுதுவேன், மதிப்பெண்ணும் வரும். இரண்டாம் வருடச் செய்முறை வகுப்பில்தான் அந்தத் தெம்பு போயிற்று. நியூட்டன் வளையங்கள் சோதனை.

கண்ணாடித் தட்டின் மேல் ஒரு தட்டைக்குவி லென்ஸ், அதற்கு மேலே 45 டிகிரி சாய்வில் இன்னொரு கண்ணாடி, பக்கத்தில் சோடிய விளக்கு. விளக்கைப் போட்டவுடன் மஞ்சள் வந்துவிடாது. முதலில் சிவப்பாக எரியும், அது உள்ளே இருக்கும் நியான். சோடியம் சூடேறி ஆவியாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அப்புறம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக வளையங்கள், வெளியே போகப் போக ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. முதல் தடவை பார்த்தபோது அளவெடுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

இடப்பக்கம் 20-வது இருள் வளையத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு வளையத்திலும் நுண்ணோக்கிக்குள் தெரியும் குறுக்குக்கம்பியைத் தொடவைத்து அளவைக் குறித்துக்கொண்டே, நடுவைத் தாண்டி வலப்பக்கம் 20 வரை போக வேண்டும். நான் 14-வது வளையத்தில், நுண்ணோக்கியை நகர்த்தும் திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டேன். பின்னால் திருப்பிச் சரிசெய்து எழுதிக்கொண்டேன். இன்னும் இரண்டு இடங்களிலும் அதே கதை. வளைய எண்ணுக்கு எதிரே விட்டத்தின் வர்க்கத்தைக் குறித்தால் நேர்கோடு வர வேண்டும் அல்லவா? மூன்று புள்ளிகள் கோட்டை விட்டு விலகி நின்றன. நான் அவற்றை அழித்துவிட்டு, கோட்டில் உட்காரும்படி எண்களைக் கணக்குப்போட்டு எழுதினேன்.

ஆசிரியர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு சுத்தமான கோடு எனக்கே வந்ததில்லையே" என்றார். திட்டவில்லை. என்னைத் திரும்ப நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்து, "கண்ணை எடுக்காமல் திருகை எதிர்ப்பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன். விரலுக்குள் திருகு சுழல்கிறது, அளவுகோலில் கோடுகள் நகர்கின்றன, குறுக்குக்கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. சற்றுக் கழித்துத்தான் நகர ஆரம்பித்தது. திருகுக்கும் மரைக்கும் நடுவே உள்ள அந்தத் துளி இடைவெளிதான் என் மூன்று புள்ளிகளையும் தள்ளிவைத்திருந்தது. பேக்லாஷ் பிழை என்று ரெக்கார்டு நோட்டில் நானே அழகாக எழுதியிருந்தேன்!

அந்த மாலை முழுக்க உட்கார்ந்து 40 அளவுகளையும் மறுபடி எடுத்தேன். சூத்திரத்தில் ஒரு வளையத்தை மட்டும் வைக்காமல் ஏன் இரண்டு வளையங்களின் விட்ட வர்க்கங்களைக் கழிக்கிறோம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. லென்ஸுக்கு அடியில் தூசி இருந்தால் நடு வளையம் எது என்றே நிச்சயமில்லை. கழித்தால் அந்தக் குழப்பம் தானாக அடிபட்டுப் போகும்.

*

உங்கள் நியூட்டன் வளையங்களைப் படித்தேன். சூத்திரம் கண்ணெதிரே புரிந்த அந்த நாள் எனக்கு அமைந்தது மூன்றாம் வருடம், ஹைட்ரஜன் அணுவில். குவாண்டம் இயற்பியலின் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கோள ஆயங்களில் பிரித்துப் பிரித்து, பலகை பலகையாக எழுதி, கடைசியில் 13.6-ஐ மட்ட எண் n-இன் வர்க்கத்தால் வகுக்கும் ஆற்றல் மட்டங்களில் வந்து நின்றது. கணக்கு முடிந்த நிம்மதியே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அதே வாரம் லேபில் ஹைட்ரஜன் குழாயும், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கீற்றணியும். இருட்டில் தொலைநோக்கியை மெல்ல நகர்த்தினேன், ஒரு சிவப்புக் கோடு வந்து நின்றது. மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு: 13.6 பெருக்கல் 5/36, அதாவது 1.89 எலக்ட்ரான் வோல்ட். அலைநீளமாக மாற்றினால் ஏறக்குறைய 656 நானோமீட்டர். என் கருவியில் வந்தது 651. அந்த ஐந்து குறைந்ததைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பலகையில் எழுதியது கண்ணுக்கு எதிரே சிவப்பாக நிற்கிறது! பால்மர் 1885-ல், அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தில், இந்தக் கோடுகளின் அலைநீளங்களை மட்டும் வைத்துச் சூத்திரம் கண்டுபிடித்தார். அவர் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியர் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புத்தான்.

*

திருகு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் இப்போது இரண்டாம் வருடம். அடுத்த வாரம் எனக்கும் நியூட்டன் வளையங்கள்தான். நடுப்புள்ளி கறுப்பாக இல்லாமல் வெளுப்பாக இருந்தால் என்ன செய்வது அண்ணா?

*

லென்ஸையும் தட்டையும் மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள் தம்பி. அப்படியும் வெளுப்பாகவே இருந்தால் விட்டுவிடுங்கள், கழித்தலில் அது போய்விடும். 20-வது வளையத்தில் நேராக ஆரம்பிக்க வேண்டாம். 23 வரை வெளியே போய்விட்டு உள்ளே திரும்புங்கள், 20-க்கு வருவதற்குள் திருகின் இடைவெளி தீர்ந்துவிடும். நடுவில் ஏதாவது வளையத்தைத் தாண்டிவிட்டால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.